கம்ப்யூட்டர் எழுந்திருக்கும் வரை

பஸ் கம்பெனியின் தொலைந்த பொருள் அலுவலகத்தில் இருந்த கம்ப்யூட்டருக்குக் காலையில் எழுந்திருக்கப் பிடிக்காது. பொத்தானை அழுத்தினால் முதலில் ஒரு பெருமூச்சு விடும். பிறகு உள்ளே யாரோ கரண்டியைத் தேடுவது போலச் சத்தம் கேட்கும். திரை கறுப்பாகும், நீலமாகும், மறுபடி கறுப்பாகும், கடைசியில் போனால் போகிறதென்று ஒரு மணல் கடிகாரத்தைக் காட்டும். அந்தக் கடிகாரம் ஆற அமர ஒரு மணி நேரம் சுற்றும். அதுவரை அங்கே யாரும் எதையும் செய்ய முடியாது. எந்தப் பொருளானாலும் கம்ப்யூட்டரில் பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். சட்டத்தைப் போட்டவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், சட்டம் மட்டும் இன்னும் வேலையில் இருந்தது.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் முடிச்சு வாழ்ந்தான். மீதி நேரமெல்லாம் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

முடிச்சு என்பது பட்டப்பெயர். பஸ்ஸில் விட்டுப்போன குடை, பை, ஒற்றைச் செருப்பு, பல்செட்டு, எது வந்து சேர்ந்தாலும் ஒரு அட்டையில் இன்னதென்று எழுதி, நூலால் கட்டி, தட்டில் அடுக்குவது அவன் வேலை. அவன் போடும் முடிச்சை அவனைத் தவிர வேறு யாராலும் அவிழ்க்க முடியாது. அவசரக்காரர்கள் அட்டையோடேயே பொருளை வாங்கிக்கொண்டு போவார்கள். மழை பெய்தால் தெருவில் பத்துக் குடைக்கு ஒரு குடையாவது அட்டை தொங்கிக்கொண்டு போகும். நாற்பதைத் தாண்டியும் அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கை வீட்டு மாடி அறையில் இருந்தான்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவளை ஊரே அக்கா என்றது. குடையைத் தேடி வரும் பல் போன கிழவர்கள்கூட அக்கா என்பார்கள். மேனேஜர் அவளைவிட எத்தனையோ வயது மூத்தவர், அவரும் கூசாமல் அக்கா என்பார். முடிச்சு மட்டும் அந்த வார்த்தையை வாயில் வைத்ததில்லை. ஒரு தடவை சொல்லிவிட்டால் கதை முடிந்தது என்று அவனுக்குத் தெரியும். அதற்காகப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் தைரியம் இல்லை. ஆகவே 'இங்க பாருங்க' என்பான், 'அது வந்து' என்பான், ஒன்றும் தோன்றாவிட்டால் மேசையைத் தட்டுவான். ஒரு நாள் அவளுக்குப் பின்னால் இருந்த அலமாரி சரிந்தபோது, "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று கத்தினான். அவளும் பாவம், அவன் சொன்னபடி அவனைப் பார்த்தாள், அலமாரியைப் பார்க்கவில்லை. நல்லவேளை, விழுந்தது துணிப்பைகள்.

அவளும் தனி ஆள்தான். ஒரு சம்பந்தம் பேசி, அது முறிந்து, அதோடு அந்தப் பேச்சே வேண்டாமென்று அம்மாவோடும் ஒரு பூனையோடும் இருந்துவிட்டாள். காலையில் வந்ததும் பையை ஆணியில் மாட்டுவாள், பொத்தானை அழுத்துவாள், நாற்காலியை அவன் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொள்வாள். கம்ப்யூட்டர் எழுந்திருக்கும் வரை பேச்சு. பக்கத்து வீட்டுக்காரர் சுவரை இடித்தது, அம்மா மாத்திரையைப் பூனைக்குப் போட்டது, எதையும் விடமாட்டாள். அவன் கேட்டுக்கொண்டே இருப்பான். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் வீட்டிலிருந்து கிளம்புவான். 'நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா' என்பதை பஸ்ஸிலேயே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வருவான். பேச்சு சுவாரஸ்யத்தில் அது பின்னால் போய்விடும். மணல் கடிகாரம் நின்றதும், சரி, நாளைக்கும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று எழுந்து போவான். சோம்பேறி என்று சொல்ல முடியாது. பயந்தாங்கொள்ளி என்று தாராளமாகச் சொல்லலாம்.

அந்த ஒரு மணி நேரம் அவர்களுக்கு மட்டும் சொந்தமாகவும் இல்லை. பொருளைத் தேடி வந்தவர்களெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டுவார்கள், வேர்க்கடலை உரிப்பார்கள், மூட்டுவலியைப் பற்றி விசாரித்துக்கொள்வார்கள். அலுத்துப்போனால் எழுந்து தட்டுகளுக்கு நடுவே உலாத்துவார்கள். ஓய்வு பெற்ற தையற்காரர் ஒருவர் வாரம் தவறாமல் ஒரு குடையைத் தொலைத்துவிட்டு வருவார். வேறு பஸ்ஸில் தொலைத்தால் வேறு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்குமென்று இந்தக் கம்பெனி பஸ்ஸாகப் பார்த்து ஏறித் தொலைப்பார். கம்ப்யூட்டர் எழுந்திருப்பதற்குள் பாதிப் பேர் தங்கள் பொருளோடு கவுண்டரில் நிற்பார்கள். அவள் தட்டிப் பதிந்துகொண்டு அனுப்பிவிடுவாள். இதில் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை என்று யாரும் யோசித்ததில்லை.

இப்படியிருக்க, ஒரு நாள் அவள் திரையைப் பார்த்துச் சலித்துக்கொண்டாள். "இந்தச் சனியன் என்னைக்குத்தான் சட்டுனு எழுந்திருக்குமோ தெரியல."

எல்லோரும் சொல்வதுதான். வெயில் அடித்தால் வெயில் என்பது மாதிரி அவளும் சொன்னாள். முடிச்சு அதை அப்படியே மனசில் முடிந்துகொண்டான். வாயால் சொல்ல முடியாததை இப்படியாவது காரியத்தில் காட்டிவிடலாம், அவள் புரிந்துகொள்வாள் என்று அவனுக்கு எண்ணம். மாடிப்படி ஏறும்போதே கால் தரையில் பாவவில்லை.

தங்கை புருஷன் பழைய கம்ப்யூட்டர்களைப் பிழைக்க வைக்கும் கடை வைத்திருந்தான். பிழைப்புக்காகத் தொடங்கியது, போகப் போக அவனுக்குப் பக்தியாகிவிட்டது. எந்த ஓட்டைப் பெட்டியிலும் ஓடக்கூடிய, எடையே இல்லாத, காசே இல்லாத சிஸ்டம் ஒன்று உலகத்தில் உண்டு, அதன் பெயர் குருவி, அதை ஏற்றிவிட்டால் செத்தது எழுந்து உட்காரும் என்று கல்யாண வீட்டில்கூட ஆட்களை ஓரம்கட்டிச் சொல்லிக்கொண்டிருப்பான். கழுத்தில் ஒரு கயிற்றில் பென் டிரைவ் எப்போதும் தொங்கும். குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டான், பிளாஸ்டிக் உறை போட்டிருந்தான்.

"மாப்பிள்ளை, ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. ரொம்ப வயசாயிருச்சு" என்றான் முடிச்சு.

மாப்பிள்ளையின் கண் கலங்கியது. "வயசுன்னு ஒண்ணு கிடையாது மச்சான். மேல ஏத்தி வச்ச சுமைதான். எறக்கி வச்சா அதுவும் குழந்தைதான்."

காசு இல்லை என்றதும் மேனேஜர் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். காசு இல்லாத எதற்கும் அவர் கையெழுத்துப் போடுவார். விடுமுறை நாளில் இருவரும் போய் அலுவலகத்தைத் திறந்தார்கள். மாப்பிள்ளை தரையில் மண்டியிட்டு மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரு தலையணைக்குப் போதுமான தூசி இருந்தது, இரண்டு சட்டைப் பொத்தானும், குடும்பத்தோடு இறந்துபோன ஒரு வண்டும் இருந்தன. அவற்றை வெளியேற்றி, பதிவுகளை எல்லாம் ஒரு ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, கழுத்துக் கயிற்றைக் கழற்றாமலேயே பென் டிரைவைச் செருகினான். அதனால் வேலை முடியும் வரை அவன் முகம் பெட்டியோடு ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

"இப்ப அழுத்துங்க மச்சான்."

முடிச்சு பொத்தானை அழுத்திவிட்டு, பழக்கதோஷத்தில் உட்கார ஒரு ஸ்டூலைத் தேடினான். ஸ்டூலைக் கண்டுபிடிப்பதற்குள் கீச் என்று ஒரு சத்தம். திரையில் ஒரு சிட்டுக்குருவி தலையைச் சாய்த்து நின்றது. பக்கத்திலேயே பதிவுகள் எல்லாம் தயார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இதை யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், யார் வேணும்னாலும் மாத்திக்கலாம். உள்ள எல்லாமே திறந்து கிடக்கு. எப்படி மாத்துறதுன்னு உதவிப் பக்கமும் உள்ளேயே இருக்கு, படிக்கத் தெரிஞ்சா போதும்" என்றான் மாப்பிள்ளை. சொல்லும்போது அவன் குரல் தழுதழுத்தது.

மறுநாள் காலையில் முடிச்சு துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அவள் வந்தாள், பையை ஆணியில் மாட்டினாள், பொத்தானை அழுத்தினாள், நாற்காலியை அவன் பக்கமாகத் திருப்பிப் போட்டாள்.

"நேத்து எங்க வீட்டுல என்னாச்சு தெரியுமா..."

கீச்.

அவள் திரும்பிப் பார்த்தாள். குருவி அவளைப் பார்த்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். தையற்காரர் வேர்க்கடலைப் பொட்டலத்தை அப்போதுதான் பிரித்திருந்தார், அதை அப்படியே மடித்தார்.

"எப்படி?" என்றாள்.

"நான்தான். எங்க மாப்பிள்ளையை வச்சு. நீங்க அன்னைக்குச் சொன்னீங்களே." அவன் இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தான். "இதுல எதை வேணும்னாலும் மாத்திக்கலாமாம். உதவிப் பக்கமெல்லாம் இருக்காம்."

"ம். வேகமாத்தான் இருக்கு" என்று அவள் நாற்காலியைத் திரையின் பக்கம் திருப்பினாள். "அடுத்தது யாரு, வாங்க."

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது முடிச்சுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

தையற்காரர் எழுந்து போனார். "கறுப்புக் குடை" என்றார். அவள் தட்டினாள். கறுப்புக் குடைகள் திரையை நிறைத்துக்கொண்டு ஓடின. எதில் ஏறினீர்கள், எங்கே இறங்கினீர்கள் என்று கேட்டு மறுபடி தட்டினாள். இல்லை என்றது குருவி. பழைய கம்ப்யூட்டரும் எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் சொல்லும், ஆனால் அது சொல்வதற்குள் அவர் குடையோடு வந்து நின்றிருப்பார். இப்போது காலை வெயில் சூடேறுவதற்கு முன்பே தெருவில் நின்றார். "இனிமே நான் எங்க போறது?" என்று அங்கே போன ஒரு தபால்காரரைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை.

நேற்று அவள் வீட்டில் என்ன ஆயிற்று? முடிச்சுக்கு அதுதான் தலையைக் குடைந்தது. பெண் பார்க்க யாராவது வந்திருப்பார்களோ. அம்மா பார்த்துச் சரி சொல்லியிருப்பாளோ. நேராகக் கேட்டுவிடலாம்தான். ஆனால் வேலை நேரத்தில் எழுந்து போய், வரிசையில் நிற்பவர்களுக்கு நடுவே, உங்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்று எப்படிக் கேட்பது? அடுத்த நாள் அவள் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே, "அது வந்து, அன்னைக்கு..." என்று தொடங்கினான். கீச். அதற்கடுத்த நாள் இன்னும் வேகமாகத் தொடங்கினான். குருவி அதைவிட வேகம். அதன் கழுத்தைத் திருகிவிடலாமா என்றிருந்தது அவனுக்கு, திரையில் கழுத்து எங்கே இருக்கிறது.

மாப்பிள்ளையிடம் போனான். "கொஞ்சம் மெதுவாக்கிக் குடுங்க."

மாப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டான். "மச்சான், என்ன வார்த்தை சொல்றீங்க. குருவியை மெதுவாக்குறதா. வேற யாராவது கேட்டிருந்தா இந்த வீட்டுப் படி ஏற விட்டிருக்கமாட்டேன்."

"நான் இந்த வீட்டு மாடியிலதான் இருக்கேன்."

"அதனாலதான் சும்மா இருக்கேன்" என்றான் மாப்பிள்ளை.

வேறு வழியில்லாமல் முடிச்சே காரியத்தில் இறங்கினான். மதியச் சாப்பாட்டு வேளையில் எல்லோரும் வெளியே போனதும், தொலைந்துபோன ஒரு கம்பளியை எடுத்துப் பெட்டியின் மேல் போர்த்தினான். கீச். மூடியைக் கழற்றி மெமரியில் ஒரு பட்டையைப் பிடுங்கினான். ஒரு பட்டை போதும் என்று அது எழுந்து நின்றது. தட்டுகளுக்கு அடியில் இருந்து தூசியை வாரி, பழையபடி உள்ளே திணித்தான். வண்டைத் தேடினான், கிடைக்கவில்லை. பொத்தானை அழுத்தினான். குருவி முன்னைவிட உற்சாகமாகக் கத்தியது போல இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்த மேனேஜர், தூசியில் குளித்து நின்ற முடிச்சைப் பார்த்து, கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறான் என்று தட்டிக்கொடுத்தார்.

மேனேஜருக்கு நாளெல்லாம் கொண்டாட்டம். வந்தவர்களை வந்த வேகத்தில் இல்லை என்று அனுப்பிவிட முடிந்ததால் அலுவலகம் காலியாக, அழகாக, காட்சிசாலை மாதிரி இருந்தது. யாரும் எதையும் எடுத்துப் போகாததால் தட்டுகள் நிரம்பி, குடைகள் ஜன்னல் வரை ஏறியிருந்தன. அது அவர் கண்ணில் படவில்லை. தலைமை அலுவலகத்துக்குத் தன் சாமர்த்தியத்தைப் பற்றி எழுதிப் போட்டார். அங்கிருந்து பதிலும் வந்தது. இவ்வளவு வேகமாக நடக்கும் இடத்துக்கு ஒரு ஆள் போதுமே, அட்டை கட்டுகிறவரை ஊரின் மறுகோடியில் பஸ் கழுவும் கொட்டகைக்கு மாற்றலாம், அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்த்துவிட்டு உத்தரவு போடுவார் என்று.

முடிச்சு மேனேஜர் மேசையில் கிடந்த அந்தக் கடிதத்தைப் படித்தான். ஒரு மணி நேரம் போனது போக, இப்போது மொத்தமாகவே அவளைப் பார்க்க முடியாது. பஸ் கழுவும் கொட்டகையில் யாரிடம் 'இங்க பாருங்க' என்பது, பஸ்ஸிடமா?

அவளிடமாவது ஏதாவது வருத்தம் தெரிகிறதா என்று பார்த்தான். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வேலை சீக்கிரம் முடிந்துவிடுவதால் நாள் முழுக்க அந்தக் குருவியின் உதவிப் பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தாள். உதடு அசைய அசையப் படிப்பாள், கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு எதையோ தட்டுவாள், தலையை ஆட்டுவாள், அழிப்பாள். ஒரு நாள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். முடிச்சு நூல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தான். கம்ப்யூட்டரே போதும் போலிருக்கிறது, நாம் எதற்கு என்று நினைத்தான். அன்றைக்கு அவன் கட்டிய அட்டைகள் எல்லாம் தொளதொளவென்று இருந்தன.

அதிகாரி வந்தார். ஜலதோஷம் பிடித்த, நெட்டையான மனிதர். செய்தி எப்படியோ பரவி, பெஞ்சு முழுக்கப் பழைய ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தையற்காரர் புதிதாக ஒரு குடையைத் தொலைத்துவிட்டு முதல் ஆளாக இருந்தார்.

"சார், நீங்க கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஆயிரும்" என்று மேனேஜர் தானே பொத்தானை அழுத்தினார்.

அதிகாரி கண்ணை மூடித் திறந்தார். திரையில் குருவி கண்ணை மூடியிருந்தது. அதன் கீழே எழுத்து வந்தது. குருவி தூங்குகிறது, தயவுசெய்து காத்திருக்கவும். அதற்கும் கீழே ஒரு கோடு, நத்தை நகர்வது போல.

மேனேஜரின் முகத்தில் ஈயாடவில்லை. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு."

கொஞ்ச நேரம் கழித்து எழுத்து மாறியது. குருவி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது, காத்திருக்கவும். பெஞ்சில் ஒரு பெருமூச்சு எழுந்தது. யாரோ காலை நீட்டினார்கள். தையற்காரர் நகர்ந்து உட்கார்ந்து அதிகாரிக்கு இடம் கொடுத்தார், வேர்க்கடலையும் கொடுத்தார். "வாங்க சார், உட்காருங்க. இது இனி ஆற அமரத்தான்."

முடிச்சு திகைத்துப் போய் நின்றான். அவன் திணித்த தூசிதான் கடைசியில் வேலை செய்கிறது என்று நினைத்தான். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் தெரியாத மாதிரி.

அதிகாரி கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார். அலுத்துப்போய் எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தட்டுகளுக்கு நடுவே உலாத்தத் தொடங்கினார். குடைகளைத் தாண்டினார், செருப்புகளைத் தாண்டினார். மூலையில் போய் நின்றவர் திரும்பி வரவே இல்லை. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் கையில் ஒரு சின்ன மரப்பெட்டி இருந்தது. மூடியைக் கொஞ்சம் நெம்பி உள்ளே பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது என்னோட சதுரங்கப் பெட்டி" என்றார். "ஒரு குதிரை கிடையாது. அதுக்குப் பதிலா ஒரு ரப்பர் துண்டு வச்சிருந்தேன். இதோ அந்த ரப்பர்."

"எப்ப சார் தொலைச்சீங்க?" என்றார் மேனேஜர்.

"அதெல்லாம் ரொம்ப வருஷம் ஆச்சு. இதைக் கேட்டு இங்க எத்தனையோ தடவை போன் பண்ணியிருக்கேன். கம்ப்யூட்டர்ல இல்லை, கம்ப்யூட்டர்ல இல்லைன்னே சொன்னீங்க." அட்டையைத் திருப்பிப் படித்தார். "பெட்டி, மரம். இதை யார் எழுதினது?"

முடிச்சு முன்னால் வந்தான். தொலைந்தேன் என்று நினைத்தான். அவன் எழுதும் அட்டைகள் எல்லாமே அப்படித்தான். குடை, கறுப்பு. பை, பெரிது. பல், மேல்வரிசை. கம்ப்யூட்டரில் அவள் அதைத்தான் பதிவு செய்வாள். அந்தக் காலத்தில் இருந்து அந்தக் கம்ப்யூட்டர் யாருக்கும் எதையும் கண்டுபிடித்துக் கொடுத்ததே இல்லை. அது எழுந்திருக்கும் வரை காத்திருந்தவர்கள்தான் தங்கள் பொருளைத் தாங்களே பார்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவும் அந்த அதிகாரிக்குத் தரையில் உட்கார்ந்தபடியே விளங்கிவிட்டது. தும்மினார், மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப சும்மா உக்கார வச்சாத்தான் பொருள் கிடைக்கும்" என்றார் நிதானமாக.

"அதைத்தான் சார் நாங்களும் சொல்றோம்" என்றார் தையற்காரர். அவர் அதற்கு முன்பு அதைச் சொன்னதே இல்லை.

அதிகாரி பெட்டியைச் சுற்றியிருந்த நூலின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். நகத்தால் முயன்றார், பல்லால் முயன்றார். மேனேஜர் முயன்றார். தையற்காரர், தொழில் தெரிந்தவர், அவரும் முயன்று தோற்றார். கடைசியில் முடிச்சு வாங்கி இரண்டு விரலால் ஒரு இழு இழுத்தான், நூல் உருவிக்கொண்டு வந்தது.

அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இவரைக் கொட்டகைக்கு அனுப்பிட்டா இத்தனையையும் யார் அவுக்குறது?" என்று மேனேஜரைக் கேட்டார். கம்ப்யூட்டர் இப்போது எழுவது போலவே இனி எப்போதும் எழ வேண்டும், வேகப்படுத்த யாரும் கை வைக்கக் கூடாது, இருவரும் இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்று அங்கேயே உத்தரவு போட்டார். பிறகு தையற்காரரோடு உட்கார்ந்து சதுரங்கம் ஆடினார். ரப்பர் குதிரையாலேயே தோற்றார். ஆனாலும் இருமிக்கொண்டே சந்தோஷமாகப் போனார்.

மறுநாள் காலையில் அவள் பையை ஆணியில் மாட்டினாள், பொத்தானை அழுத்தினாள், நாற்காலியை அவன் பக்கமாகத் திருப்பிப் போட்டாள். குருவி தூங்கியது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது முடிச்சுக்கு. ஆனாலும் அவன் புத்தி அவனை விடவில்லை.

"அது வந்து, கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு போல. உத்தரவு இருந்தாலும் நம்ம பாதுகாப்புக்கு மாப்பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு தடவை பார்க்கச் சொல்லட்டுமா?"

அவள் அவனையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. "கூப்பிடுங்களேன்" என்றாள்.

அதன் பிறகு ஒன்றும் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இல்லை, மாத்திரை இல்லை. சும்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் உலாத்தினார்கள், தங்கள் தங்கள் பொருளோடு வந்து கவுண்டரில் நின்றார்கள். கோடு நகர்ந்து நகர்ந்து திரையின் மறுமுனைக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு நூல்தான் பாக்கி. அங்கே நின்றுகொண்டது.

"என்ன, நின்னுருச்சா?" என்றார் தையற்காரர், குடையைக் கையில் வைத்துக்கொண்டு.

முடிச்சு குனிந்து திரையைப் பார்த்தான். குருவி கண்ணைத் திறந்து நேராக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே எழுத்து வந்திருந்தது. அட்டை கட்டுகிறவர் இன்னும் ஒன்று சொல்லவில்லை, காத்திருக்கவும்.

அவன் இரண்டு தடவை படித்தான்.

"இது... இதை யாரு எழுதினது?"

"எதை வேணும்னாலும் மாத்திக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க. உதவிப் பக்கத்துல இருக்கு. ஸ்லீப்னு ஒரு வார்த்தை போட்டா தூங்கும். எவ்வளவு நேரம்னு சொன்னா அவ்வளவு நேரம் தூங்கும்." அவள் கொண்டையில் இருந்த பென்சிலை உருவிக் கோட்டின் முனையைக் காட்டினாள். "இந்த இடத்துல மட்டும் நேரம் எதுவும் போடல. நான் விட்டாத்தான் நகரும்."

தூசியும் கம்பளியும் நினைவுக்கு வந்து முடிச்சின் காது சிவந்தது. இத்தனை நாள் அவள் உதடு அசையப் படித்ததெல்லாம் இதற்காகவா. எவ்வளவு பெரிய மடையனாக இருந்திருக்கிறோம் என்று அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மேசையைத் தட்டக் கையை எடுத்தான், தட்டவில்லை. 'இங்க பாருங்க' என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினான். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அத்தனை வருஷத்தில் முதல் தடவை.

வரிசையே திரும்பிப் பார்த்தது. அக்காவுக்கு ஒரு பெயர் இருப்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றான்.

"இதைச் சொல்ல இத்தனை வருஷமா? தினமும் ஒரு மணி நேரம் இருந்துச்சே."

"இருந்துச்சு. பேசிட்டே இருந்தோமா, நேரம் சரியாப் போயிருச்சு."

அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "சரி" என்றாள். ஒரு விரலை நீட்டி ஏதோ ஒரு பொத்தானைத் தட்டினாள். கோடு முழுசாக நிறைந்தது. கீச் என்று கத்தியது குருவி. வரிசையில் இருந்தவர்கள் ஒரு அடி முன்னால் வந்தார்கள்.

முடிச்சுக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. "அன்னைக்கு உங்க வீட்டுல என்னாச்சு?"

"என்னைக்கு?"

"குருவி வந்த அன்னைக்கு. சொல்ல வந்தீங்க."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஓ, அதுவா. பூனை குட்டி போட்டுச்சு."

"அப்படியா. எத்தனை குட்டி?"

அவள் வரிசையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்தாள், மறுபடி பொத்தானை அழுத்தினாள், நாற்காலியை அவன் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். தையற்காரர் திரும்பிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார்.